ஆபீசுக்கு வெளிய உக்காந்தா யோசனை வருமா அண்ணாச்சி?

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்த சுத்தி தான் இருக்கு, டீம வெளிய கூட்டிட்டு போயி யோசிக்க வைக்கிறது பத்தி. நாகர்கோவில்லயும் மார்த்தாண்டத்துலயும் சின்ன சின்னதா கம்பெனிங்க முளைச்சிட்டு இருக்குல்லா, அதனால இருக்கும். சரி, சொத்து தகராறு, மாமியார் மருமக பஞ்சாயத்து எல்லாத்தயும் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டு இத மட்டும் பாப்போம்.

கேள்வி: அண்ணாச்சி, நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில டீம் லீடா இருக்கேன், என்னோட சேத்து ஏழு பேரு. மீட்டிங் ரூம்ல ஏசிய போட்டு உக்கார வச்சு "ஐடியா சொல்லுங்க மக்கா"ன்னு கேட்டா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க, லேப்டாப்பயே பாத்துட்டு இருப்பாங்க. அதே ஆளுங்க சாயங்காலம் கீழ சாயா கடைக்கு போனா ஆப்ப இப்டி மாத்தலாம் அப்டி மாத்தலாம்னு சண்டையே போடுதாங்க. இது என்ன மாயம்? பேசாம மீட்டிங்க சாயா கடைக்கே மாத்திரலாமா?
- டீம் லீட், வடசேரி

பதில்: மாயம் ஒண்ணும் இல்ல தம்பி, மீட்டிங் ரூம்ல உங்க சேர் எங்க கெடக்குன்னு ஒரு தடவ பாருங்க. ஸ்கிரீனுக்கு பக்கத்துல, ஏசி ரிமோட்டு கைக்கு எட்டுற எடத்துல இருக்கும். புதுசா சேந்த பய கதவோரத்துல இருப்பான். எவனாவது வாய தொறந்தா மத்த அஞ்சு பேரும் அவன பாக்க மாட்டாங்க, உங்க மூஞ்சிய தான் பாப்பாங்க, நீங்க லேசா புருவத்த தூக்கினா போதும் அந்த ஐடியா அங்கேயே காலி. சாயா கடைல பெஞ்சுல ரெண்டு பேருக்கு தான் எடம், மிச்ச பேரு நின்னுட்டு ஒரு கைல கிளாசு இன்னொரு கைல பழ பஜ்ஜின்னு இருப்பாங்க, அங்க லீடு யாரு புதுசு யாருன்னு பாத்தா தெரியாது. இன்னொண்ணு, மீட்டிங் ரூம்ல ரெண்டு நிமிசம் யாரும் பேசலன்னா எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிரும், கடைல பேசாம நின்னா சாயா குடிக்கான்னு விட்ருவாங்க. அந்த சும்மா நிக்கிற நேரத்துல தான் ஒருத்தன் "லே, அந்த லாகின் பக்கமே வேண்டாம்னா என்ன?"ன்னு ஆரம்பிப்பான். அது கிறுக்குத்தனமா போச்சுன்னா "சும்மா சொன்னேன்லே"ன்னு சிரிச்சிட்டு போயிரலாம், யாரும் மினிட்ஸ் எழுதல பாருங்க.

கூடி உக்காந்து யோசிக்கிற இந்த பிரெயின்ஸ்டார்மிங் முறைய உலகத்துக்கு பரப்புனது அமெரிக்காவுல விளம்பர கம்பெனி நடத்தின அலெக்ஸ் ஆஸ்பர்ன்ங்கிறவரு, 1950-கள்ல. அவரு போட்ட விதி நாலே நாலு தான், யாரு சொன்னதயும் உடனே குத்தம் சொல்லாத, தரத்த பாக்காம நெறைய சொல்லு, கிறுக்குத்தனமானதையும் சொல்லு, அடுத்தவன் சொன்னது மேல உன்னோடத ஏத்தி வையி. இத ஒயிட்போர்டுல எழுதி ஒட்டி வச்ச ஆபீசு எத்தனையோ இருக்கு, ஒண்ணுலயும் நடக்காது. சாயா கடைல யாரும் எழுதி ஒட்டல, ஆனா நாலுமே தன்னால நடக்கு. சத்தமும் கொஞ்சம் உதவுமாம், 2012-ல ஒரு ஆராய்ச்சி வந்துது, அமைதியான 50 டெசிபெல்ல விட 70 டெசிபெல் அளவு பின்னணி சத்தத்துல ஆளுங்க கூடுதலா புதுசா யோசிச்சிருக்காங்க, 85-க்கு போனா கெட்டு போச்சு. ஓரளவு கூட்டம் இருக்கிற கடையோட சத்தம் அந்த 70 பக்கத்துல தான் வரும். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள டிரைவர் ஹாரன்ல கைய வச்சிட்டு நிக்கிற எடம் அந்த கணக்குல சேராது, பாத்துக்கிடுங்க.

ஆனா மீட்டிங்க அங்க மாத்தாதீங்க தயவு செஞ்சு. நீங்க நோட்டும் பேனாவுமா போயி "இன்னைக்கு மூணு பாயிண்ட் பேசணும்"னு ஆரம்பிச்ச அன்னைக்கு அந்த பெஞ்சும் மீட்டிங் ரூம் ஆயிரும், பெறவு பயலுவ வேற கடைக்கு போயிருவானுவ. காலைல ஒரே ஒரு கேள்விய மட்டும் டீம்ல போட்டு வையுங்க, சாயங்காலம் கூட போங்க, அந்த கேள்விய நீங்களா எடுக்காதீங்க. காச மட்டும் நீங்க குடுங்க.

கேள்வி: நடந்துட்டே பேசினா ஐடியா கொட்டும்னு எங்க மேனேஜர் எங்கயோ படிச்சிட்டு வந்து பத்து பேர மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு கூட்டிட்டு போனாரு. ஒரு ஐடியாவும் கொட்டல, வேர்வ தான் கொட்டுச்சு. அவரு படிச்சது பொய்யா?
- டிசைனர், தக்கலை

பதில்: படிச்சது பொய் இல்ல, போன எடமும் கூட்டிட்டு போன எண்ணிக்கையும் தான் தப்பு. 2014-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல மேரிலி ஒபெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ்னு ரெண்டு பேரு இத சோதிச்சு பாத்தாங்க. ஏதாவது ஒரு சாதாரண பொருள சொல்லி இத வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேக்கிற மாதிரி சோதனைங்க. உக்காந்து யோசிச்சத விட நடக்கும்போது சராசரியா 60 சதவீதம் போல கூடுதலா வந்துருக்கு. வேடிக்கை என்னன்னா அதுக்கு கடலும் மலையும் கூட வேண்டாம், வெறும் சுவத்த பாத்து டிரெட்மில்லுல நடந்தவங்களுக்கும் வந்துது, நடந்து முடிச்சு உக்காந்த பெறவும் கொஞ்ச நேரம் அந்த வேகம் இருந்துது. ஆனா ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்வி இருக்குல்லா, அதுக்கு நடை உதவல, சொல்லப்போனா லேசா கொறஞ்சுது. அதனால பட்ஜெட் கணக்க நடந்துட்டே பேசாதீங்க.

இப்ப மாத்தூருக்கு வருவோம். பறளியாத்துக்கு மேல 115 அடி ஒசரத்துல, 1966-ல கட்டின பாலம், அழகுக்கு கேக்கவே வேண்டாம். ஆனா மேல நடக்கிற பாதை குறுகல், ஒருத்தர் பின்னால ஒருத்தரா தான் போகணும், முன்னால போற மேனேஜர் சொல்றது நாலாவது ஆளுக்கு கேக்காது, அஞ்சாவது ஆளு கீழ பாத்து கைப்பிடிய இறுக்கி பிடிச்சிட்டு நிப்பாரு, மிச்ச பேரு செல்ஃபி. பத்து பேரு ஒண்ணா நடந்தா அது ஊர்வலம், யோசனை இல்ல. ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு, சொத்தவிளை மாதிரி நீளமான கடற்கரைல வெயிலு ஏறதுக்கு முன்ன ஒரு இருபது நிமிசம் நடங்க, திரும்பி வரும்போது ஜோடிய மாத்திக்கிடுங்க. பக்கத்து பக்கத்துல நடக்கும்போது மூஞ்சிய பாத்து பேச வேண்டியது இல்ல, கூச்சப்படுற ஆளு கூட அப்ப தான் பேசுவான்.

கேள்வி: தம்பி, நான் தேனும் முந்திரியும் பாக்கெட் போட்டு விக்கிற சின்ன யூனிட் நடத்துறேன், எட்டு பேரு வேலை பாக்காங்க. என் மவன் எம்பிஏ படிச்சிட்டு வந்து ஸ்டாஃப திற்பரப்புக்கு கூட்டிட்டு போயி பிரெயின்ஸ்டார்மிங் வைக்கணும்ங்கான். வேலை நேரத்துல அருவிக்கு கூட்டிட்டு போனா குளிச்சிட்டு வருவாங்களே தவிர என்னத்த யோசிப்பாங்க? ஓபி அடிக்க நானே வண்டி ஏற்பாடு பண்ணணுமா?
- ஒரு முதலாளி, மார்த்தாண்டம்

பதில்: ஐயா, உங்க சந்தேகத்துக்கு ஆதாரமே இருக்கு, மவன்கிட்ட காட்டுங்க. மேல சொன்ன ஆஸ்பர்ன் என்ன சொன்னாருன்னா தனியா யோசிக்கிறத விட கூட்டத்துல ஒரு ஆளு ரெண்டு மடங்கு யோசிப்பான்னாரு. 1958-ல யேல் பல்கலைக்கழகத்துல அத சோதிச்சாங்க. நாலு பேர ஒண்ணா உக்கார வச்சு ஒரு பட்டியலு, தனித்தனியா உக்காந்த நாலு பேரு எழுதினத சேத்து இன்னொரு பட்டியலு. தனியா உக்காந்தவங்க பட்டியல் தான் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளம். ஆஸ்பர்ன் சொன்னது அப்டியே தலைகீழா போச்சு. ஏன் இப்டின்னு 1987-ல ஜெர்மனில டீல், ஸ்ட்ரோபென்னு ரெண்டு பேரு தோண்டி பாத்தாங்க. பயம் ஒரு காரணம், அடுத்தவன் பாத்துக்கிடுவான்ங்கிற சோம்பல் ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் ரொம்ப சாதாரணமானது, ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்து நிக்கணும். அந்த நேரத்துல நம்ம மனசுல இருந்தது பறந்து போயிரும், இல்லன்னா "இத போயி சொல்லணுமா"ன்னு தோணிரும். இந்த பிரச்சனைய அருவியும் தீக்காது கடலும் தீக்காது, ஒரு வாயாடி இருந்தா திற்பரப்புலயும் அவன் மட்டும் தான் பேசுவான், தண்ணி சத்தத்துல இன்னும் கத்தி பேசுவான்.

அதுக்கு வழி பேப்பரு. ஜெர்மனில பெர்ன்ட் ரோர்பாக்னு ஒருத்தர் 1968-ல ஒரு முறை சொன்னாரு, ஆறு பேரு, ஆளுக்கு ஒரு தாளு, அஞ்சு நிமிசத்துல மூணு யோசனை எழுதி பக்கத்து ஆளுக்கு தள்ளணும், அவரு அத படிச்சிட்டு கீழ இன்னும் மூணு எழுதணும். ஆறு சுத்து முடிஞ்சா அரை மணி நேரத்துல 108. யாரும் யாருக்கும் காத்து நிக்கல, பாக்கெட் ஒட்டுற அக்கா எழுதினதும் உங்க மவன் எழுதினதும் ஒரே தாள்ல கெடக்கும். எழுத கூச்சப்படுறவங்க இருந்தா பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சு சொல்ல சொல்ல எழுத சொல்லுங்க.

பெறவு எதுக்கு வெளிய போகணும்னு கேப்பீங்க. உங்க தொழிலுக்கு நான் அருவிய சொல்ல மாட்டேன், கன்னியாகுமரி கடற்கரைக்கு போற வழில டூரிஸ்ட் சாமான் வாங்குற கடை வரிசை இருக்குல்லா, அங்க எட்டு பேரயும் கொண்டு போயி ஒரு மணி நேரம் சும்மா நிக்க சொல்லுங்க. வடநாட்டு குடும்பம் ஒண்ணு தேன் பாட்டில கைல எடுக்கும், திருப்பி வெலைய பாக்கும், மூடிய அழுத்தி பாக்கும், பெறவு ரயில்ல ரெண்டு நாளு பேக்குக்குள்ள கெடந்து ஒழுகினா சேலை எல்லாம் போச்சேன்னு திரும்ப வச்சிரும். அத ஒங்க பாக்கிங் அக்கா கண்ணால பாத்தா, அன்னைக்கு வார யோசனை எந்த மீட்டிங்லயும் வராது. சாப்பாட்டுக்கு மரச்சீனியும் மீன்கறியும் வாங்கி குடுங்க. ஓபி அடிப்பாங்கன்னு பயப்படாதீங்க ஐயா, அடிக்கிறவன் யூனிட்லயும் அடிச்சிட்டு தான் இருக்கான், உங்களுக்கு தெரியல அவ்ளோ தான்.

கேள்வி: அண்ணே, எங்க ஆபீஸ்ல பெரிய முடிவு எல்லாம் ராத்திரி பார்ட்டில தான் நடக்கு. டீம் அவுட்டிங்னு சொல்லி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஏதாவது ரிசார்ட்டுக்கு போவாங்க, சரக்கும் இருக்கும். எனக்கு ஊருக்கு கடைசி பஸ்ஸ பிடிக்கணும், வீட்ல ரெண்டு பிள்ளைய. மறுநாள் போனா "நேத்து பேசி முடிச்சாச்சே, நீ வரலல்லா"ன்னு சொல்லுதாங்க. நான் சொன்ன ஐடியாவே வேற ஆளு பேர்ல வந்துருக்கு. இன்ஃபார்மல்னா இது தானா?
- பேரு வேண்டாம், குளச்சல் பக்கம்

பதில்: தங்கச்சி, இந்த கேள்விய மொதல்லயே போட்ருக்கணும். இன்ஃபார்மல் இன்ஃபார்மல்னு பேசுறவங்க பாதி பேரு மறக்கிற விஷயம் இது. மீட்டிங் ரூமுக்கு ஒரு நல்ல கொணம் உண்டு, அங்க யாரயெல்லாம் கூப்பிட்டாங்கன்னு மெயில்ல இருக்கும். ராத்திரி பார்ட்டிக்கு அது கெடையாது, யாரு குடிப்பாங்களோ யாருக்கு வீட்ல கேக்க ஆள் இல்லயோ அவங்க மட்டும் கூடி எடுக்கிற முடிவு அது. வெளிய போயி யோசிக்கிறதோட ஒரே லாபம் ஆபீஸ்ல பேசாத ஆளு அங்க பேசுறது தான், பேசாத ஆள வீட்டுக்கு அனுப்பிட்டு பேசுறவனே மறுபடியும் பேசினா அது எதுக்கு?

உங்க மேனேஜருக்கு நேரா சொல்ல முடியலன்னா எழுத்துல இப்டி கேளுங்க, அவுட்டிங் காலைல பத்துல இருந்து மூணுக்குள்ள வைக்க முடியுமா, வேன் ஆபீஸ்ல இருந்து கெளம்பி ஆபீசுக்கே திரும்புமா. குத்தம் சொல்ற மாதிரியும் இருக்காது, மறுக்கவும் கஷ்டம். எடம் பாக்கும்போது சுத்தமான டாய்லெட் இருக்கான்னு கேக்க சொல்லுங்க, நம்ம ஊர் பீச்சுல பாதிக்கு அது கெடையாது, அஞ்சு மணி நேரம் தண்ணி குடிக்காம உக்காந்துருக்கிற பொம்பளைக்கு என்ன ஐடியா வரும்? உங்க யோசனைய வாயால சொல்றதுக்கு முன்ன டீம் குரூப்ல ரெண்டு வரி எழுதி போட்ருங்க, தேதியும் நேரமும் அதுல கெடக்கும். மேனேஜர்மாருக்கு நான் சொல்றது ஒண்ணு தான், ராத்திரி கிளாச வச்சிட்டு என்ன வேணும்னாலும் பேசுங்கடே, முடிவ மட்டும் அங்க எடுக்காதீங்க.

கேள்வி: கருங்கல்ல வீட்ல இருந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பாக்கேன். எங்க டீம் ஆறு ஊர்ல இருக்கு. நாங்க எந்த சாயா கடைக்கு போக?
- வொர்க் ஃப்ரம் ஹோம், கருங்கல்

பதில்: நல்லா கேட்டிய. 2022-ல நேச்சர் பத்திரிகைல மெலனி புரூக்ஸ், ஜொனதன் லெவாவ் எழுதின ஒரு கட்டுரை இதுக்குன்னே வந்த மாதிரி இருக்கும். ஜோடி ஜோடியா ஆளுங்கள நேர்லயும் வீடியோ கால்லயும் யோசிக்க விட்டு பாத்தாங்க, இந்தியா உட்பட அஞ்சு நாட்டுல ஒரு கம்பெனி இன்ஜினியர்மார வச்சும் பாத்தாங்க. வீடியோல ஐடியா கொறச்சலா தான் வந்துது. காரணம், கண்ணு ஸ்கிரீன்லயே ஒட்டிட்டு இருந்தா மனசும் அந்த கட்டத்துக்குள்ளயே நின்னுரும், நேர்ல இருக்கிறவன் சுத்தி முத்தி பாப்பான். ஆனா வந்த யோசனைல நல்லத பொறுக்கி எடுக்கிறதுல வீடியோ பின்தங்கல. அப்ப யோசிக்கும்போது கேமராவ அணைச்சிட்டு ஹெட்செட்ட மாட்டிட்டு வீட்டு பின்னால ரப்பர் தோட்டத்துல நடந்துட்டே ஒருத்தர் கூட மட்டும் பேசுங்க, பொறுக்கி எடுக்க எல்லாரும் வீடியோவுக்கு வாங்க. தோட்டத்துல நடக்கிறது என் யோசனை, கட்டுரைல இல்ல. வருசத்துக்கு ஒருக்கா கம்பெனி செலவுல எல்லாரயும் இங்க வர வைங்க, பெங்களூர்காரனுக்கு நம்ம கடல காட்டினா அவன் அடுத்த வருசம் தானா வருவான்.

கேள்வி: நாங்க மகளிர் குழு, சக்கை உப்பேரியும் முந்திரிக்கொத்தும் போடுறோம். ஆபீசே இல்லாத எங்களுக்கு ஆபீசுக்கு வெளிய எது?
- திருவட்டாறு அக்காமார்

பதில்: அக்கா, நீங்க ஏற்கனவே இந்த கம்பெனிகாரங்க காசு குடுத்து தேடுற எடத்துல தான் உக்காந்துருக்கீங்க. கை சக்கச்சுளைய நறுக்கிட்டு இருக்கும்போது வாய் சும்மா இருக்காது, "கொட்டைய என்னத்துக்கு தூர போடணும்"னு ஒருத்தி சொன்னா அது தான் பிரெயின்ஸ்டார்மிங். உங்க பிரச்சனை வேற, கூட்டம்னு பேரு வச்சு தீர்மான நோட்ட தொறந்த உடனே எல்லாரும் தலைவி மூஞ்சிய பாப்பீங்க. சரக்கு பத்தின பேச்ச நறுக்கும்போதே பேசிருங்க, நோட்டுல கடனும் சேமிப்பும் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: டீமோட வெளிய போக எந்த மாசம் நல்லது அண்ணாச்சி?
- எச்.ஆர்., நாகர்கோவில்

பதில்: நமக்கு மழை ரெண்டு தடவ, ஜூன்லயும் பெய்யும், அக்டோபர்லயும் பெய்யும். நவம்பர் பாதில இருந்து ஜனவரி பாதி வரைக்கும் சபரிமலை கூட்டம், கன்னியாகுமரில கால் வைக்க எடம் கெடைக்காது. அந்த நேரம் வட்டக்கோட்டையோ பத்மநாபபுரமோ பக்கத்துல எங்கயாவது போங்க, திங்கக்கிழமை அரண்மனை லீவு. பிப்ரவரி மார்ச் நல்லது, காலைல. ஆனி ஆடில ஆரல்வாய்மொழி பக்கம் மட்டும் சார்ட்டு பேப்பரோட போயிராதீங்க, முப்பந்தல்ல அத்தன காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்கான், உங்க ஸ்டிக்கி நோட்டு எல்லாம் வள்ளியூர்ல கெடக்கும்.

கேள்வி: அரசு ஆபீஸ்ல இருக்கேன். எங்களுக்கும் யோசனை தேவைப்படுது. வெளிய போனா மூவ்மென்ட் ரெஜிஸ்டர்ல என்ன எழுத?
- கிளார்க், நாகர்கோவில்

பதில்: தேநீர்னு எழுதுங்க. எப்பவும் போறது தானே.

கேள்வி: போன மாசம் முட்டம் பீச்சுக்கு டீமோட போனோம், பாறை மேல உக்காந்து நாப்பது ஐடியாக்கு மேல வந்துது, எல்லாருக்கும் ஒரே உற்சாகம். திரும்பி வந்து ஒண்ணும் நடக்கல. இப்ப அடுத்த அவுட்டிங்னு சொன்னாலே "எதுக்கு, மீன் பொரிச்சு திங்கவா"ன்னு கேக்காங்க.
- ஸ்டார்ட்அப், நாகர்கோவில்

பதில்: கேக்கிறது சரி தானே. வெளிய வர்ற உற்சாகம் வேன்ல இருந்து எறங்கும்போதே பாதி எறங்கிரும், அது யாரு தப்பும் இல்ல. பீச்சுல வச்சு எது நல்லது எது மோசம்னு பிரிக்காதீங்க, அங்க அது நடக்கவும் செய்யாது, வெயிலும் காத்தும் பசியும் இருக்கும்போது எல்லாமே நல்லதா தான் தெரியும். கெளம்புறதுக்கு முன்ன எழுதின தாள் எல்லாத்தயும் போன்ல படம் எடுத்து குரூப்ல போட்ருங்க. மறுநாளு காலைல, அடுத்த வாரம் இல்ல மறுநாளே, மீட்டிங் ரூம்ல கதவ சாத்திட்டு ஏசிய போட்டுட்டு உக்காருங்க, அந்த ரூமு இதுக்கு தான் நல்லது. யாரு சொன்னதுன்னு பேர மறைச்சிட்டு எல்லாத்தயும் வரிசையா எழுதி ஆளுக்கு மூணு ஓட்டு, லீட் கடைசியா போடணும். கூடுதல் ஓட்டு வாங்கினதுல ரெண்ட எடுங்க, அதுக்கு ஒரு ஆளு, ரெண்டு வாரம் கெடு, செலவுக்கு ஒரு தொகை. மிச்சத்த அழிச்சிராதீங்க, ஆறு மாசம் கழிச்சு கஸ்டமர் ஒருத்தன் வந்து கேக்கிறது அதுக்குள்ள தான் கெடக்கும். ரெண்டுல ஒண்ணாவது நடந்து அத டீம் கண்ணால பாத்த பெறவு அடுத்த அவுட்டிங் பத்தி பேசுங்க, அப்ப மீன் பொரிச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

அடுத்த இதழுக்கு கேள்வி அனுப்புறவங்க கொஞ்சம் சின்னதா எழுதுங்க மக்களே, மார்த்தாண்டம் ஐயா எழுதினது அஞ்சு பக்கம், வெட்டி இவ்ளோ ஆக்கியிருக்கேன். சொத்து தகராறுகாரங்க கோவப்படாதீங்க, உங்க கடிதம் எல்லாம் பத்திரமா இருக்கு.